சாக்லெட் காப்பிக்குக் கடை எதற்கு? வீட்டு டிகாஷன் போதும்!

காப்பியில் சாக்லெட் கலந்தால் அதற்கு "மோக்கா" என்று பெயர். பெரிய ஊர்களில் உள்ள குளுகுளு கடைகளில் ஒரு கோப்பை 200 ரூபாய்க்கு மேல்கூட விற்கிறது. குடும்பத்தோடு போய் நாலு கோப்பை குடித்தால் ஒரு வாரக் காய்கறிப் பணம் காலி!

அப்படி என்ன அதிசயம் அதில் இருக்கிறது? பெயர் மட்டும்தான்.

மோக்கா என்பது ஏமன் நாட்டில், செங்கடல் ஓரத்தில் உள்ள துறைமுகம். பல நூறு ஆண்டுகளுக்கு முன் காப்பிக் கொட்டை அங்கிருந்துதான் கப்பல் ஏறியது. பாபா புதான் என்ற பெரியவர் அங்கிருந்து 7 கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்று சொல்வார்கள்.

இன்று ஏற்காட்டில் காப்பி விளைகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கொக்கோ காய்க்கிறது. இரண்டும் பக்கத்திலேயே இருக்கும்போது கடைக்கு ஏன் ஓட வேண்டும்?

ஒரு டம்ளருக்கு ஒரு சிறு கரண்டி கொக்கோ தூள் போதும். அதைப் பாலில் அப்படியே கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். பலர் "நமக்கு வராது" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். முதலில் தூளையும் சர்க்கரையையும் உலர்வாகக் கலக்க வேண்டும். இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் களிபோலக் குழைக்க வேண்டும். பிறகு பாலை ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். பச்சை வாடை போய்விடும்; பாலும் சற்றுக் கெட்டியாகும். இறக்கிய பிறகே டிகாஷன். அதைக் கொதிக்க வைத்தால் மணம் போய்விடும்.

சிக்கரி அதிகம் உள்ள தூள் இதற்கு ஆகாது. கசப்போடு கசப்பு சேர்ந்து கஷாயம் ஆகிவிடும்!

கொக்கோ வாங்கும்போது கவனம் தேவை. "குடிக்கும் சாக்லெட்" என்று விற்கும் டப்பா வேறு, சுத்தமான கொக்கோ தூள் வேறு. எந்தப் பொருள் எடையில் அதிகமோ, அதைத்தான் டப்பாவில் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். குடிக்கும் சாக்லெட் டப்பாக்கள் பலவற்றில் முதலில் இருப்பது சர்க்கரை. சாக்லெட் விலை கொடுத்துச் சர்க்கரை வாங்கி வருகிறார்கள்!

ஆனால் அந்த விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்று விதி இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் என்ன செய்வாள்? தமிழ்நாட்டில் விற்கும் டப்பாவில் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. அதுவரை பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இத்தகைய பானங்களை இணையக் கடைகள் "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் வைத்து விற்கக்கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024-ல் அறிவுறுத்தியது. நல்ல காரியம். வீட்டு மோக்காவும் ஆரோக்கிய பானம் அல்ல. ருசிக்குக் குடிப்பது, அவ்வளவுதான். ஆனால் சர்க்கரைக் கரண்டி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, டீ வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னது. உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்குமாம். மோக்காவும் காப்பிதான்.

குழந்தைகள் "எனக்கும்" என்று நிச்சயம் கேட்பார்கள். அவர்களுக்குக் காப்பி தேவை இல்லை. டிகாஷன் விடுவதற்கு முன்பே, அதே பாத்திரத்திலிருந்து அரை டம்ளர் கொக்கோ பாலை எடுத்து, ஆற்றி, நுரையோடு கொடுத்துவிடலாம்.