விற்பனைக்கே வராத டிக்கெட்

2023 செப்டம்பர் 10. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். ஊரே கொதித்தது, மன்னிப்பும் வந்தது, பணமும் திரும்பியது. மறு ஆண்டு கோல்ட்ப்ளே டிக்கெட் பிளாக்கில் லட்சங்களுக்குப் போனபோது போலீஸ் சம்மனே போனது. கோபம் நியாயம்தான் தோழர்களே.

ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் என் ஊர்த் திருவிழாக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. மைதானமோ பெரியது. அதில் எங்கள் தெருக்காரர்கள் எதுவரை போகலாம் என்பது மட்டும் குழந்தைக்கும் தெரியும். அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஆய்வுக்காகச் சென்னை வந்தபின் அதே கோட்டை ஏசி அரங்கில் பார்த்தேன். மியூசிக் அகாடமியில் சுமார் 1,600 இருக்கை. மார்கழியில் உறுப்பினர், கொடையாளர், சீசன் டிக்கெட்காரர் என்று போனது போக மிச்சம்தான் கவுன்ட்டருக்கு. பிளாக்கில் விற்பவனைத் திருடன் என்கிறோம். இவர்களை ரசிகர் என்கிறோம்!

‘அரங்கு சின்னது, என்ன செய்ய?’ என்பார்கள். மிருதங்கம் செய்யும் தலித் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கை, 2020-இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. அன்று இடம் பற்றாமலா போயிற்று?

பெரிய அரங்கு கட்டுவது இருக்கட்டும். வரும் மார்கழிக்கு ஒரே ஒரு எண்ணைச் சபாக்கள் வாசலில் எழுதி ஒட்டட்டும்: மொத்த இருக்கையில் எத்தனை கவுன்ட்டருக்கு வருகிறது?