பத்தாவது ரிசல்ட் வந்தாச்சு, எந்த குரூப் எடுக்கிறது?

(கொஞ்சம் நீளமான இழை. பத்தாவது முடிச்ச பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.)

1.
மே மாசம் பாதி தாண்டினால் என் ஓபிக்கு ஒரு வகை நோயாளிகள் வருவார்கள். காய்ச்சல் இருக்காது, சளி இருக்காது. பதினைந்து, பதினாறு வயசு. "ரெண்டு வாரமா தலைவலி டாக்டர்", "சாப்பிட்டா வயித்தைப் பிரட்டுது டாக்டர்". இதையும் பிள்ளை சொல்லாது. கூட வந்த அப்பாவோ அம்மாவோதான் சொல்வார்கள்.

2.
கண் பவர், ரத்தசோகை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் பார்த்து எதுவும் சிக்கவில்லை என்றால் அடுத்து ஒரு கேள்வி கேட்பேன். "பிளஸ் ஒன்ல என்ன குரூப்?"

"ஃபர்ஸ்ட் குரூப் டாக்டர். அப்படியே நீட் கோச்சிங்கும் சேர்த்துட்டோம்." இந்தப் பதிலும் பெற்றோரிடமிருந்துதான் வரும்.

எல்லாத் தலைவலிக்கும் குரூப்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரெண்டு வருஷம் தினமும் படிக்கப்போகிற பாடத்தைப் பற்றி, படிக்கப்போகிறவர் வாயே திறக்கவில்லை என்றால் அதைக் கவனிக்க வேண்டியது நம்ம வேலை.

3.
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் குரூப்பை ஒரு ரேங்க் லிஸ்ட் மாதிரி வைத்திருக்கிறோம். மார்க் அதிகமா, கணிதம்-உயிரியல். கொஞ்சம் குறைவா, கம்ப்யூட்டர். அதற்கும் கீழே காமர்ஸ். மிச்சம் இருப்பவர்களுக்கு ஆர்ட்ஸ், தொழிற்பிரிவு.

இது தப்பு. 480 மார்க் எடுத்த பெண் காமர்ஸ் கேட்டால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருப்பதும் தப்பு. 310 எடுத்த பையனுக்கு உயிரியல் மேல் உண்மையான ஆசை இருக்கும்போது "உனக்கெல்லாம் சயின்ஸா?" என்று கேட்பதும் தப்பு.

4.
அப்போ எப்படித்தான் முடிவு பண்ணுவது? ரெண்டு விஷயம்.

ஒன்று, அடிக்க ஆள் இல்லாமலே பிள்ளை உட்கார்ந்து படிக்கிற பாடம் எது?

ரெண்டு, இந்த குரூப் எடுத்தால் எந்தக் கதவு திறந்திருக்கும், எந்தக் கதவு மூடும்?

முதலாவதைப் பிள்ளையிடம் கேட்கணும். ரெண்டாவதை நாம் தேடித் தெரிந்துகொள்ளணும். நிறைய வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. முதலாவதை நாமே சொல்லிவிட்டு, ரெண்டாவதைப் பக்கத்து வீட்டில் கேட்கிறோம்.

5.
முதலில் கதவுகளைப் பார்ப்போம்.

பி.இ. படிக்கணும் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் வேணும். தமிழ்நாட்டில் 2007லிருந்து இன்ஜினியரிங்குக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை 200க்கு மாற்றி கட் ஆஃப் போடுகிறார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதாவது பாதி எடை கணிதத்துக்கு. கணிதம் என்றாலே நடுங்குகிற பிள்ளையை "இன்ஜினியரிங்குக்கு இருக்கட்டும்" என்று அங்கே தள்ளுமுன் இந்த 100ஐ யோசிங்க.

6.
எம்பிபிஎஸ் என்றால் நீட். 180 கேள்வி, 720 மார்க். உயிரியலுக்கு 360. மிச்சம் 360 இயற்பியலுக்கும் வேதியியலுக்கும்.

"என் பொண்ணுக்கு பயாலஜி ரொம்பப் பிடிக்கும், பிசிக்ஸ்தான் ஏறமாட்டேங்குது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பயாலஜி பிடிக்கும் என்பது நல்ல விஷயம். ஆனால் நீட் பரீட்சையில் பாதி பயாலஜி இல்லை. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்க.

இன்னொன்று, இதில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் வரும். "பிளஸ் ஒன்னை ஓட்டிடலாம், பிளஸ் டூவில் பார்த்துக்கலாம்" என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

7.
நீட் மட்டும்தான் இலக்கு, கணிதம் சுத்தமாகப் பிடிக்காது என்றால் தாவரவியல், விலங்கியல் உள்ள ப்யூர் சயின்ஸ் குரூப் இருக்கிறது. கணிதச் சுமை இறங்கும். ஆனால் பி.இ. கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

கணிதம்-உயிரியல் எடுத்தால் ரெண்டு கதவும் திறந்திருக்கும், சுமை அதிகம்.

ரெண்டில் எது சரி என்று பொதுவாக யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பிள்ளையால் எது முடியும் என்று அவர்களோடு உட்கார்ந்துதான் பார்க்கணும்.

8.
உயிரியல் படித்தால் எம்பிபிஎஸ் ஒன்றுதான் வழி என்று நினைப்பவர்கள் கவனிங்க. பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், வேளாண்மை, கால்நடை மருத்துவம்... இதற்கெல்லாம் நம்ம மாநிலத்தில் பெரும்பாலான இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நிரப்பப்படுகின்றன. நீட்டுக்காகப் பள்ளிப் பாடத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு இந்தக் கதவும் போய்விடும். இதை யாரும் சேர்க்கும்போது சொல்வதில்லை.

9.
காமர்ஸ், ஆர்ட்ஸ் எடுத்தால் வாழ்க்கை போச்சு என்பவர்களுக்கு:

சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்த குரூப்பும் போதும். ஐந்து வருஷ சட்டப் படிப்புக்கும் அப்படித்தான். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வுக்கும் குரூப் கட்டுப்பாடு கிடையாது. நிஃப்ட், என்ஐடி மாதிரி டிசைன் கல்லூரிகளின் இளநிலைப் படிப்புக்கும் இல்லை. என்டிஏ தேர்வில் ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் சரி. விமானப்படைக்கும் கடற்படைக்கும்தான் இயற்பியல், வேதியியல், கணிதம் வேணும். ஐஏஎஸ் எழுத ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும்.

வரலாறு படித்த பிள்ளைக்கு யூபிஎஸ்சியில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

10.
பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் போகலாம். மூணு வருஷ டிப்ளமோ. முடித்தவுடன் வேலைக்கும் போகலாம், நேரடியாக பி.இ. ரெண்டாம் வருஷத்திலும் சேரலாம். ஐடிஐயும் இருக்கிறது. கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. வீட்டில் மிக்ஸியைப் பிரித்து மாட்டுகிற பையனை ரெண்டு வருஷம் பெஞ்சில் கட்டிப்போட்டு மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. பிளஸ் ஒன் தொழிற்பிரிவில் சேர்ந்தவர்களுக்கும் இன்ஜினியரிங் கலந்தாய்வில் தனி வழி உண்டு.

11.
இப்போ டாக்டராகச் சொல்ல வேண்டியது. இதை ஸ்கூலில் சொல்ல மாட்டார்கள்.

குரூப் எடுக்குமுன் கண் பரிசோதனை பண்ணுங்க. பார்வை மட்டும் போதாது, நிறப் பார்வையும் பார்க்கணும். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறைபாடு ஆண் பிள்ளைகளிடம் அதிகம். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம். பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தானே பார்க்கிறார்கள்.

12.
புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்டு நடுவில் எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகம், இஷிஹாரா டெஸ்ட். சில நிமிஷ வேலை. பைலட், வணிகக் கப்பல் அதிகாரி, ரயில் ஓட்டுநர், ராணுவத்தின் பல பிரிவுகள் என்று நிறைய இடங்களில் மருத்துவப் பரிசோதனையில் இதைப் பார்ப்பார்கள்.

பத்து வருஷம் பைலட் கனவோடு படித்து, பணமும் கட்டி, கடைசியில் மெடிக்கலில் திரும்பி வருவது பெரிய கொடுமை. பதினைந்து வயசில் தெரிந்தால் வேற பாதை போடலாம்.

13.
அதே மாதிரி, வாயால் கேட்டால் எல்லாம் தெளிவாகச் சொல்லும், எழுதச் சொன்னால் எழுத்து மாறும், கணக்கில் எண் இடம் மாறும் என்றிருக்கும் பிள்ளைகள் உண்டு. சோம்பேறி என்று பேர் வாங்கியே பத்தாவது வரை வந்திருப்பார்கள். அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். மனநல மருத்துவரிடமோ குழந்தைகள் நல மருத்துவரிடமோ காட்டி மதிப்பீடு செய்துகொள்ளுங்க. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும்.

14.
தூக்கம். இந்த வயசுக்கு 8லிருந்து 10 மணி நேரம் தேவை. விடியக்காலை 4 மணிக்கு எழுப்பி, ராத்திரி 11 வரை உட்கார வைத்தால் 5 மணி நேரம்தான் மிச்சம். அன்றைக்குப் படித்ததை மூளை பதிய வைக்கிற வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிக்க வைப்பது ஓட்டை வாளியில் தண்ணி பிடிக்கிற கதை.

15.
"டாக்டரே இப்படிச் சொல்லலாமா? நீங்க மட்டும் டாக்டராகலாம், எங்க பிள்ளைங்க ஆகக்கூடாதா?"

தாராளமாக ஆகட்டும். என் தொழில் எனக்குப் பிடிக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020லிருந்து இருக்கிறது. கூலி வேலை செய்பவர் வீட்டிலிருந்து பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டு வருவதைப் பார்க்கிறேன். அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கு?

16.
ஆனால் கணக்கையும் சேர்த்துச் சொல்லணும். 2024ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சம் பேருக்கு மேல். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அரசுக் கல்லூரி இடங்கள் அதில் ஏறக்குறைய பாதிதான்.

கிடைத்தாலும் ஐந்தரை வருஷம். பிறகு பிஜி நுழைவுத்தேர்வு, மூணு வருஷம் எம்டி அல்லது எம்எஸ். பதினெட்டில் நுழைந்தவர் எல்லாம் சரியாக நடந்தாலே வெளியே வர இருபத்தேழு ஆகிவிடும். அந்தப் பாதையில் நடக்கிற கால் பிள்ளையுடையது. ஆசை நம்முடையது என்றால் பாதியில் கால் ஓய்ந்துவிடும்.

17.
நீட் முயற்சி பண்ணுகிற வீட்டில் ஒன்று மட்டும் செய்யுங்க. பிளஸ் ஒன் சேரும்போதே எத்தனை முறை எழுதுவது என்று பேசி முடிவு பண்ணுங்க. ஒரு முறையா, ரெண்டு முறையா. அது கிடைக்கவில்லை என்றால் அடுத்து என்ன என்பதையும் அன்றைக்கே ஒரு பேப்பரில் எழுதி வையுங்க.

இந்த முடிவை ரிசல்ட் அன்றைக்கு எடுக்கக் கூடாது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. நகையை அடகு வைத்து மூணாவது, நாலாவது வருஷம் என்று போகிற வீடுகளில் பணத்தைவிடப் பெரிய இழப்பு, வீட்டைவிட்டு வெளியே வரவே வெட்கப்படும் இருபது வயசுப் பிள்ளைதான்.

18.
பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லணும். "அந்த குரூப் பக்கத்து ஸ்கூல்ல இல்ல, இங்க இருக்கிறதையே படிக்கட்டும்." பையனுக்கு என்றால் பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்து டவுனுக்கு அனுப்புவோம். பொண்ணுக்கு என்றால் தூரம் அதிகமாகிவிடும். கட்டிக்கொடுக்கப் போகிறவள்தானே என்ற நினைப்பில்தான் அந்தத் தூரம் வருகிறது.

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் வருகிறது. 2024லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. செலவைக் காரணம் காட்டி நிறுத்துமுன் ஸ்கூலில் போய் விசாரிங்க.

19.
பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? "நீ என்னவாகப் போற?" என்று கேட்காதீங்க. பதினைந்து வயசில் அதற்குப் பதில் தெரியாமல் இருப்பது இயல்பு. திட்டமிடுவதற்கும் விளைவை எடைபோடுவதற்குமான மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபதுகளின் பாதி ஆகிவிடும்.

அதற்குப் பதில் இப்படிக் கேளுங்க. "எந்த டீச்சர் லீவு போட்டா உனக்கு ஏமாத்தமா இருக்கும்? எந்தப் பாடத்துல சந்தேகம் வந்தா நீயே தேடிப் பார்ப்ப? எந்த புக்கைத் திறக்கவே வெறுப்பா இருக்கு?" பதில் வரும்போது குறுக்கே பேசாதீங்க. அது போதும்.

பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகங்கள் எல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யோசிக்கிற ரெண்டு குரூப்பின் புத்தகங்களையும் இறக்கி, ஒரு வாரம் புரட்ட விடுங்க. கணக்குப்பதிவியலின் முதல் பாடத்தைப் படித்துவிட்டு "இது நல்லாருக்கே" என்று சொல்லும் பிள்ளையை அப்போதுதான் நாம் கண்டுபிடிப்போம்.

20.
சேர்ந்த பிறகு முடியவில்லை என்றால்? முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். தலைமையாசிரியரைப் பார்த்து குரூப் மாற்றக் கேளுங்க. ஆரம்பத்திலேயே கேட்டால் மாற்றிக்கொடுக்க வாய்ப்பு அதிகம். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று ரெண்டு வருஷம் ஓட்டாதீங்க. அந்த நாலு பேர் பரீட்சை எழுத வரப்போவதில்லை.

21.
கடைசியாக ஒன்று. பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டையும் நண்பர்களையும் ஒதுக்கினால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" மாதிரி ஏதாவது சொன்னால், நாடகம் என்று ஒதுக்காதீங்க. அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்க, மருத்துவரிடம் கூட்டிவாங்க. 104, 14416 இரண்டும் இலவச உதவி எண்கள். எந்த நேரமும் கூப்பிடலாம். போனில் சேமித்து வையுங்க. பிள்ளையின் போனிலும்.

22.
சேர்க்கை விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். எந்தப் படிப்பாக இருந்தாலும் அந்த வருஷத்துத் தகவல் கையேட்டை நீங்களே ஒரு தடவை படிச்சிடுங்க. ஏஜென்ட் சொன்னார், சொந்தக்காரர் சொன்னார் என்று போகாதீங்க.

அப்ளிகேஷன் ஃபார்மில் குரூப் எழுதுகிற கட்டத்தை மட்டும் பிள்ளை கையாலேயே நிரப்பச் சொல்லுங்க.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பத்தாவது முடித்த பிள்ளை உள்ள வீட்டுக்கு இதை அனுப்பி வையுங்க.