கண்ணாடி தின்னும் அமிலம்

அமிலம் என்றால் கண்ணாடி பாட்டில்தானே? பள்ளிக்கூட லேபில் அப்படித்தான் பார்த்தோம். ஆனால் ஹைட்ரோஃப்ளுவாரிக் அமிலம் கண்ணாடியையே தின்றுவிடும். (கண்ணாடியில் பூ, மயில் எல்லாம் பொறிப்பது இதன் உபயம்தான்.) பாலிஎத்திலின் கேனில் ஊற்றினால் பூனை மாதிரி சமர்த்தாக இருக்கும்.

சரி, எல்லாத்துக்கும் பிளாஸ்டிக்னு முடிச்சுடலாமே என்கிறீர்களா? டொலுவீன் கலந்த தின்னரைச் சாதாரண பாலிஎத்திலின் கேனில் வைத்தால் சுவர் வழியாகவே மெல்லக் கசியும். கேன் உப்பி, இளகி, கோணிக்கொள்ளும். அதற்குத் தகர டின்தான் லாயக்கு. தெர்மோகோல் கப்பில் ஊற்றினால் கப்பே காணாமல் போகும். பரிசோதனை வேண்டாம், நம்புங்கள்.

கந்தக அமிலம் இன்னும் வேடிக்கை. அடர்த்தியாக இருக்கும்போது சாதாரண இரும்பு டேங்கரில் ஜம்மென்று பயணம் போகும். இரும்பின் மேல் சல்பேட் படலம் ஒன்று படிந்து, அதுவே காவல் காக்கிறது. அதே அமிலத்தில் தண்ணீர் சேர்த்தால் காவல்காரர் கரைந்துபோவார்; டேங்கை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வீரியம் குறைஞ்சா ஆபத்தும் குறையணும் இல்லையா? இங்கே உல்டா.

ஹைட்ரஜன் பெராக்ஸைடை இறுக்கி மூடினால் உள்ளே ஆக்ஸிஜன் சேர்ந்து கேன் ஊதிக்கொள்ளும். அதற்கென்றே மூச்சுவிடும் மூடி உண்டு.

லாரியில் போகும் டிரம்மில் வட்டத்துக்குள் 'யுஎன்' என்று ஐ.நா. முத்திரை இருக்கும். பக்கத்தில் '1எச்1' என்றால் மேல்மூடி கழற்ற முடியாத பிளாஸ்டிக் டிரம். '1ஏ1' என்றால் அதுவே இரும்பில். பிறகு ஓர் எழுத்து: எக்ஸ் மகா ஆபத்தான சரக்கையும் தாங்கும், ஒய் நடுத்தரம், இஸட் சுமார் ஆபத்துக்கு மட்டும். தண்ணீர் கனமுள்ள திரவம் என்றால் எக்ஸ் டிரம்மை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். ஒழுகக் கூடாது. பிளாஸ்டிக் டிரம்முக்குப் பொதுவாக 5 வருஷம்தான் ஆயுசு. விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. வெயிலில் திரவம் விரியும்.

இத்தனை கெடுபிடியும் ஃபேக்டரி கேட்டோடு சரி. தெருவில் சைக்கிளில் வரும் பாத்ரூம் ஆசிட் பழைய கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில்தான் வருகிறது. பாட்டில் ஒருவேளை தாங்கிவிடும், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த வடிவத்தைப் பார்த்ததும் கை தானாக மூடியைத் திருகும். நாலு வயசுப் பிள்ளையும், ராத்திரி கரெண்ட் போனபோது தாகத்தில் எழுந்தவரும் லேபிள் தேடுவதில்லை.

வீட்டுக்குப் போனதும் சிங்க்குக்கு அடியில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மினரல் வாட்டர் பாட்டில் ஒன்று, பாதி வரைக்கும் லேசான மஞ்சளில் நின்றுகொண்டிருக்கலாம்.