பிள்ளைகளின் ஒழுக்கத்திற்குக் கடவுள் எதற்கு?

இங்கிலாந்து தேசத்தில் அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் சுமார் நாலில் ஒரு பங்கு அந்நாட்டு ஆங்கிலிக்கன் சபையின் பேரால் நடப்பவையாகும். பிள்ளைகளிடம் நல்ல நடத்தை வளர என்ன செய்யப் போகிறோம் என்பதை அரசாங்கப் பள்ளிகளின் தலைமை உபாத்தியாயர்கள் எழுத்தில் வைத்துப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொல்லுகிறது. அதன்படி இச்சபைப் பள்ளிகள் எழுதி வைத்திருக்கும் முறைகளில் மெச்சத்தக்கவை பல இருக்கின்றன என்பதை நாம் தாக்ஷண்யமில்லாமல் ஒப்புக்கொள்ளுகிறோம்.

"ஓடாதே" என்று அதட்டுவதற்குப் பதிலாக "நடந்து போ" என்று சொல்வது. விதிகளை மூன்று நாலுக்குள் அடக்குவது. "நல்ல பிள்ளை" என்று பொதுவாய்த் தட்டிக் கொடுக்காமல், "கீழே விழுந்த சிறுவனைத் தூக்கி விட்டாயே, அது நல்ல காரியம்" என்று செய்த செய்கையைச் சொல்லிப் பாராட்டுவது. இவை எல்லாம் பிள்ளையையும் ஒரு மனிதனாக மதித்துச் செய்யும் காரியங்களேயாகும். நாம் கேட்பதெல்லாம், இதில் கடவுளுக்கு என்ன வேலை என்பதுதான். ஏனென்றால், அப்பள்ளிகள் இந்த முறைகளைத் தங்கள் மதத்தின் பலனாகவே எழுதிக் கொள்ளுகின்றன.

மதத்தின் பலன் என்பது உண்மையானால் சரித்திரம் வேறு விதமாக இருந்திருக்க வேண்டும். அந்நாட்டில் 1944ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் தினந்தோறும் பள்ளியில் வழிபாடு நடக்க வேண்டும் என்று கட்டாயம் செய்தது. பிரம்படியை அரசாங்கப் பள்ளிகளில் நிறுத்திய சட்டமோ 1986இல்தான் வந்தது. ஆக 42 வருஷ காலம் காலையில் பிரார்த்தனையும், பிற்பாடு பிரம்படியும் ஒரே கட்டடத்தில் சிநேகமாகக் குடியிருந்து வந்திருக்கின்றன. கடவுள் ஒரு நாளாவது பிரம்பைப் பிடுங்கினதாகத் தெரியவில்லை. பிடுங்கினவர்கள் யார்? ஸ்காட்லாந்தில் இரண்டு தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளைத் தோல் வாரால் அடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போய் 1982இல் ஜெயித்தார்கள். அதன் பிறகும் பார்லிமெண்டு காமன்ஸ் சபையில் 231க்கு 230 என்று ஒரே ஓட்டில்தான் பிரம்பு தோற்றது. அந்த ஒரு ஓட்டும் மனிதன் போட்ட ஓட்டேயாகும்.

இது இப்படியிருக்க, இத்தடை 1998ஆம் வருஷத்துச் சட்டத்தால் தனியார் பள்ளிகளுக்கும் வந்தபோது ஆட்சேபித்து வழக்காடினவர்கள் யார் என்று பார்த்தால், சில கிறிஸ்தவத் தனிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோர்களுமேயாவார்கள். பிள்ளையை அடித்து வளர்க்கும்படி எங்கள் வேதத்தின் நீதிமொழிகள் சொல்லுகிறது. அடிக்க விடாதது எங்கள் மத சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பது அவர்கள் வாதம். 2005ஆம் வருஷத்தில் பிரபுக்கள் சபை நீதிபதிகள், உங்கள் நம்பிக்கை உண்மையான நம்பிக்கையாகவே இருக்கலாம், ஆனாலும் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்லிமெண்டுக்கு அதிகாரமுண்டு என்று தள்ளிவிட்டார்கள். அந்த நீதிபதிகளில் ஒரே பெண்ணான ஹேல் சீமாட்டி சொன்னது நம் மனதை விட்டு அகலாதது. பிள்ளைகளைப் பற்றிய இவ்வழக்கில் இதுவரை எந்தக் கோர்ட்டிலும் பிள்ளைகளுக்காகப் பேச ஒருவரும் வரவில்லையே என்றார் அவர். அடிப்பவனுக்கு வக்கீல் உண்டு, வேதம் உண்டு, மத சுதந்திரம் உண்டு. அடிபடுகிறவனுக்கோ ஒன்றும் கிடையாது!

அந்தப் பள்ளிகள் எல்லாக் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் பிரதிநிதிகள் அல்ல என்று சொல்லப்படலாம். நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அன்பு என்றும், மற்றவர் பிரம்பு என்றும் சொல்வதானால், எது சரி என்று தேர்ந்தெடுப்பது அப்புத்தகமா, தேர்ந்தெடுப்பவருடைய அறிவா?

நிற்க. பரிசு விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் குழந்தைப் பள்ளியில் செய்த ஒரு சோதனையை 1973இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் தாமாகவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் நாடா கட்டிய நற்சாட்சிப் பத்திரம் தருவோம் என்று முன்னதாகவே சொல்லி வரையச் செய்து, அப்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாவை முன்னே வைத்துப் பார்த்ததில், அக்குழந்தைகள் வரைந்த நேரம் மற்றக் குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து போயிற்று. ஒரு துண்டு நாடாவே இவ்வளவு செய்யுமானால், உண்மை பேசினால் மோக்ஷம், பொய் பேசினால் நரகம் என்று ஐந்து வயதிலிருந்து சொல்லி வருவது எவ்வளவு செய்யாது? நட்சத்திர முத்திரையையாவது பிள்ளை கையில் பார்க்கிறான். மோக்ஷத்தைப் பார்த்தவர் யார்? கூலிக்கு நல்லவனாயிருப்பவன், கூலி வராது என்று தெரிந்த அன்று என்ன ஆவான்?

அப்பள்ளிகள் பலவற்றில் உள்ள ஒரு வழக்கத்தை நாம் மனமாரப் புகழுகிறோம். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை அடித்துவிட்டால், என்ன நடந்தது, யாருக்கு நோவு உண்டாயிற்று, அதைச் சரிப்படுத்த நீ என்ன செய்யப் போகிறாய் என்று இருவரையும் உட்கார வைத்துக் கேட்பதுதான் அது. கவனியுங்கள், இதில் மன்னிப்புக் கொடுக்க வேண்டியவன் அடிபட்ட பிள்ளை. மதத்தில் அப்படியல்ல. அடித்தவன் கண்ணை மூடிக் கடவுளிடம் கேட்டால் பாவம் தீர்ந்தது. அடிபட்டவனை எட்டிப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. நம் நாட்டில் கங்கையில் முழுகுகிற கதையும் இதுதானே!

இன்னொரு வேடிக்கை. இந்தச் சபைப் பள்ளிகளைப் பரப்புவதற்காக 1811இல் அங்கே ஏற்பட்ட தேசியச் சங்கம், "மதராஸ் முறை" என்ற பேரில் கைக்கொண்டது நம் எழும்பூரில் இருந்து போன முறையாகும். சோல்ஜர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு அங்கே நடந்த பள்ளியை 1789 முதல் 1796 வரை பார்த்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் கையாண்டு, 1797இல் புத்தகம் போட்டார். அடியைக் குறைத்து, குற்றத்தை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்து, பிள்ளைகளையே ஜூரிகளாக வைத்து விசாரிக்கச் செய்ததும் அவரே. இதைக் கேட்டு நம் பழமைப் பெருமைக்காரர்கள் துள்ள வேண்டியதில்லை. அதே திண்ணையில்தான் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது. பறையன், பள்ளன் என்று ஒதுக்கப்பட்டவனின் பிள்ளைக்கு அதன் படியில்கூட இடமில்லாமல் இருந்தது. அவனுக்குக் கதவைத் திறந்தவர்களில் மிஷன் பள்ளிக்காரர்கள் முன்னே நின்றதை நாம் மறக்கமாட்டோம். அந்த நன்றிக்காக அவர்களுடைய நரகத்தையும் சேர்த்து ஏற்க வேண்டுமென்பது நியாயமல்ல.

நம் தோழர்கள் பலர் பிள்ளைகளைக் கிறிஸ்தவப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள், சேர்க்கட்டும். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51ஆவது விதி 2003இல் திருத்தப்பட்டு, பிள்ளையின் உடலையும் மனதையும் நோகச் செய்யக் கூடாது என்றாகிவிட்டது. சேர்க்கும் அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். தப்புச் செய்த பிள்ளையை என்ன செய்வீர்கள்? முட்டி போட வைப்பீர்களா? மற்றப் பிள்ளைகள் முன்னால் ஜாதியையோ தகப்பன் தொழிலையோ சொல்லி ஏசுவீர்களா? நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்துவீர்களா? இதே கேள்விகளைச் சரஸ்வதி படம் மாட்டிய பள்ளியிலும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையையே கேளுங்கள், அவன் சொல்லுவான்.