கொடை மேளமும் தெரபி அறையும்

ஆட்டிசமோ ஏடிஎச்டியோ உள்ள பிள்ளை தன் பதற்றத்தையும் ஆத்திரத்தையும் தானே தணித்துக்கொள்ளப் பழக, மருந்தில்லாமல் என்ன வழி என்று கேட்டால் நெல்லைச் சீமையில் ஒரே பதில்தான்: பாளையங்கோட்டைப் பக்கம் நல்ல தெரபி சென்டராகப் பார்த்துச் சேருங்கள். ஊஞ்சல், பெரிய பந்து, கனத்த போர்வை எல்லாம் உள்ள அறைக்குள் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா வெளியே நாற்காலியில் காத்திருக்க வேண்டும். பாபநாசத்திலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் அடிக்கடி பஸ் ஏற முடியாத குடும்பங்கள், நமக்குக் கொடுத்துவைத்தது இவ்வளவுதான் என்று ஓய்ந்துவிடுகின்றன. சிகிச்சை அந்த அறையில்தான் இருக்கிறது என்ற இந்த நம்பிக்கை, பிள்ளையின் பொன்னான முதல் ஐந்தாறு வருடங்களைத் தின்றுவிடுகிறது.

அந்த அறையில் நடப்பது போன்ற, புலன்களைச் சீராக்கும் சிகிச்சைகளுக்கு ஆய்வுச் சான்று போதாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. கனத்த போர்வை ஆட்டிசப் பிள்ளைகளின் தூக்கத்தைச் சாதாரணப் போர்வையைவிடக் கூட்டவில்லை என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2014-இல் காட்டியது. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது என்பதும் உண்மை. பிடித்ததற்காகக் கொடுக்கலாம், சிகிச்சை என்று சொல்லி விற்கக் கூடாது. இதைவிடப் பெரிய குறை, அமைதியான அறையில் கற்றது தெருவுக்கு வந்து சேர்வதில்லை. உதாரணத்துக்கு, சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது. நையாண்டி மேளமும் ரேடியோ செட்டும் விடிய விடிய அலறுகின்றன. காதைப் பொத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு உதவுவது, ஒரு வாரம் முன்பிருந்தே படம் காட்டிச் சொல்லிவைப்பது, மேளச் சத்தத்தைப் போனில் மெதுவாக வைத்துப் பழக்குவது, 'போதும், போவோம்' என்பதற்கு ஒரு சைகை சொல்லிக்கொடுத்து, அதைக் காட்டிய நொடியே கூட்டிக்கொண்டு வெளியேறுவது. இதை அந்தத் தெருவில், வீட்டு ஆட்கள்தான் செய்ய முடியும்.

படிக்காத பெற்றோரால் ஆகுமா என்பார்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசப் பிள்ளைகளோடு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர், உள்ளூர்ப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து நடந்துகொள்வது கூடியது. பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை நாடுவதும் கூடியது. வேண்டியதைத் தெரிவிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அலற வேண்டிய தேவை குறையும். 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இந்த வழியில்தான் நடக்கிறது: நிபுணர்கள் வழிகாட்ட, கிராமத்துப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்க் குடும்பத்துக்குக் கற்றுத்தருகிறார்கள்.

பீடி சுற்றிக் குடும்பத்தை ஓட்டும் தாயின் தலையில் இதையும் கட்டுவதா என்ற கேள்வி நியாயமானது. தனியாக மணிக்கணக்கு ஒதுக்கச் சொன்னால் அது கொடுமைதான். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறோம். அதில் அப்பாவுக்கும் ஆச்சிக்கும் பங்கு உண்டு. மருந்தே கூடாது என்று விரதம் பூணுவதும் தவறு. 579 பிள்ளைகளிடம் நடந்து 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏடிஎச்டியின் அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, கவனமாக அளவு பார்த்து மருந்து கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் முன்னேறினார்கள். நிபுணரும் வேண்டும், தாயை வெளியே உட்கார வைக்காத நிபுணராக. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 முதல் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது மக்களைத் தேடி மருத்துவம். அதே வாசலுக்கு மாதம் இரண்டு முறையாவது இந்தப் பயிற்சியாளரையும் அனுப்ப வேண்டும் என்று அரசிடம் கேட்போம்.