மூன்று மாத்திரையா, ஒன்றா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கருக்கலைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. கல்லூரி மலரில் இதற்கென்ன வேலை என்றும் கேட்கக்கூடும். 1971-ஆம் ஆண்டிலேயே நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதித்த ஒரு மருத்துவத்தைப் பற்றி அறிவியல் மாணவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது? அது சரியா, தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒருமுறை முடிவான மருந்தளவை மீண்டும் சோதிப்பது ஏன் தேவை என்பதே என் பேச்சு.

தொடக்க வாரங்களில் கருவைக் கலைக்க இரு மருந்துகள் தரப்படுகின்றன. முதலாவது மிஃபெப்ரிஸ்டோன். கரு நிலைத்திருக்கப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் வேண்டும். அது சென்று அமர வேண்டிய இடத்தில் இம்மருந்து முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. ஓரிரு நாள் கழித்துத் தரப்படும் மிசோப்ரஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து கருவை வெளியேற்றுகிறது. பின்னது முதலில் வயிற்றுப்புண்ணுக்காகச் செய்யப்பட்ட மருந்து என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

1988-இல் பிரான்சு நாடு மிஃபெப்ரிஸ்டோனை ஏற்றபோது அதன் அளவு 600 மி.கி., அதாவது மூன்று மாத்திரைகள். பின்னர் உலக சுகாதார நிறுவனம் 600, 400, 200 ஆகிய மூன்று அளவுகளையும் ஒப்பிட்டுச் சோதித்தது. 1993-இல் முடிவு வெளிவந்தது. மூன்று மாத்திரை செய்த வேலையை ஒன்றே செய்தது! இன்று நம் நாட்டில் மருத்துவர் சீட்டின் பேரில் விற்கப்படும் பெட்டியிலும் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றுதான் இருக்கிறது. விலையுள்ள மருந்தில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்றால் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது என்ன என்பதை, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கதையோ வேறு. 2000-இல் அந்நாடு இம்மருந்தை ஏற்றபோது பழைய 600-ஐயே மருந்துக் குறிப்பில் எழுதிக்கொண்டது. கூடத் தரும் மிசோப்ரஸ்டாலின் அளவும் அதில் குறைவு. மருத்துவர்கள் புதிய ஆய்வுகளைப் படித்து, அவற்றின்படியே கொடுத்துவந்தனர். ஓஹியோ மாநிலம் மட்டும் சும்மா இருக்கவில்லை. அச்சிட்ட குறிப்பை மீறக்கூடாது என்ற சட்டத்தை 2011-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விளைவு? மறுசிகிச்சை தேவைப்பட்ட பெண்களின் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று என்று பின்னர் ஓர் ஆய்வு கண்டது. குறிப்பு திருத்தப்பட்டது 2016-இல்தான். ஒரு சோதனையின் முடிவு தாளில் ஏறுவதற்கு 23 ஆண்டுகள்!

"இருக்கிற மருந்தே நன்றாக வேலை செய்கிறதே, மாற்று எதற்கு?" என்று கேட்பாருக்கு ஒன்று சொல்வேன். மிஃபெப்ரிஸ்டோன் கிடைக்காத நாடுகள் இன்னும் பல. கிடைத்த அமெரிக்காவிலேயே அதை நிறுத்தக் கோரி 2022-இல் வழக்குத் தொடுத்தனர். உச்ச நீதிமன்றம் 2024-இல் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. ஒரே கதவை நம்பியிருப்பவர் அது சாத்தப்படும்போது எங்கே போவார்? மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோலை மிசோப்ரஸ்டாலுடன் சேர்த்துத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2022-இல் கூறியிருக்கிறது.

மெக்சிகோ நகரில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2025 ஜனவரியில் வெளிவந்தது. அவசரக் கருத்தடைக்குப் பயன்படும் யூலிப்ரிஸ்டலை இருமடங்காக, 60 மி.கி. அளவில் தந்து, பிறகு மிசோப்ரஸ்டால் தந்தனர். 133 பெண்களில் நூற்றுக்கு 97 பேருக்குக் கரு முழுமையாக நீங்கியது. நல்ல செய்திதான். ஆனால் வேதியியல் ஆய்வகத்தில் ஒப்பீட்டுச் சோதனை செய்யாமல் முடிவு எழுதினால் எங்கள் ஆசிரியர்கள் விடமாட்டார்கள். இச்சோதனையில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. மிசோப்ரஸ்டால் தனியாகவே பெரும்பாலோருக்குப் பலன் தருவது. அப்படியானால் அந்த 97-இல் யூலிப்ரிஸ்டலின் பங்கு எவ்வளவு? அடுத்த ஆய்வில் சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் வேண்டும். ஒன்றுக்கு யூலிப்ரிஸ்டல், மற்றதற்கு மிஃபெப்ரிஸ்டோன், பின்னர் இரண்டுக்கும் ஒரே அளவு மிசோப்ரஸ்டால். அதன் முடிவாவது இன்னொரு 23 ஆண்டுகள் காத்துக் கிடக்காமல் மருந்துக் குறிப்பில் ஏற வேண்டும்.