கல்வெட்டுக்கு முன்னும் தமிழ் இருந்தது

வாடிப்பட்டிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை ஒன்றில் அண்மையில் நடந்த பேச்சு இது. மாணவர்களை ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போய்த் திரும்பியிருந்த ஆசிரியர் ஒருவர், நீலகிரி மலைமக்களான தோடர்களின் மந்து (குடியிருப்பு) ஒன்றைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அரைவட்டக் கூரை, தவழ்ந்து நுழைய வேண்டிய சின்ன வாசல், வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை என்று எல்லாவற்றையும் சரியாகவே சொன்னார். பெஞ்சில் இருந்த ஓர் இளைஞர், "அவங்க என்ன மொழி சார் பேசுறாங்க?" என்று கேட்டார். "மொழியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. எழுத்தே கிடையாது அவய்ங்களுக்கு. சும்மா பேசிக்கிறாய்ங்க, அவ்வளவுதான்" என்று பதில் வந்தது.

கடையில் ஒருவர்கூட மறுக்கவில்லை. கேட்ட இளைஞரும் தலையாட்டிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு கீழடிக்குப் போய்விட்டது. பானை ஓட்டில் கீறிய தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தைப் பற்றி அதே ஆசிரியர் கண் விரியப் பேசினார். அந்தப் பெருமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டில் எழுத்தைக் கீறியவரின் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் மொழி இருந்ததா, இல்லையா? இந்தக் கேள்வி அந்தக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை. எரிச்சல் தருவது அதுதான்.

எழுத்து இல்லாவிட்டால் அது மொழியே இல்லை என்பது தமிழ்நாட்டில் படித்தவர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. படிக்காதவர்கள் இப்படிச் சொல்வது குறைவு. பட்டிமன்ற மேடையில் சொல்கிறார்கள், பள்ளி ஆண்டுவிழாவில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் மாலை போட்டு அனுப்புகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது பொய்தான்.

இந்தப் பொய்யை உடைக்க நீலகிரி வரைக்கும் ஏற வேண்டியதில்லை. வாடிப்பட்டியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் மேட்டுப்பட்டி சித்தர்மலை இருக்கிறது. வைகையைத் தாண்டினால் விக்கிரமங்கலம் உண்டாங்கல் மலை. இரண்டிலும் குகைத்தளங்களில் துறவிகளுக்காக வெட்டிய கல்படுக்கைகளும் அவற்றின் அருகே தமிழி எழுத்துகளும் உள்ளன. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்தில் இன்னும் பழையவை உண்டு. அங்கே பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரே கல்லில் நிற்கிறது. இவற்றை வெட்டியவர்கள் அன்று காலையில் எழுந்து தமிழைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்பே இந்த வைகைக்கரையில் ஆடு மேய்த்தவரும் நாற்று நட்டவரும் பிள்ளையைத் தாலாட்டியவரும் தமிழில்தான் பேசினார்கள். எழுத்துதான் மொழியென்றால் அவர்கள் அத்தனை பேரும் ஊமைகள். இப்படிச் சொல்ல எந்தத் தமிழாசிரியருக்காவது மனம் வருமா? தன் முப்பாட்டனைப் பற்றிச் சொல்லக் கூசுவதை, ஊட்டி மலையில் இருப்பவரைப் பற்றி மட்டும் கூசாமல் சொல்கிறார்கள்.

எழுத்து சட்டை மாதிரி. தமிழ் அதைப் பலமுறை மாற்றியிருக்கிறது. தமிழி போய் வட்டெழுத்து வந்தது. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வரும்வரை வட்டெழுத்துதான் புழங்கியது. அதன் பிறகே இன்றைய வடிவத்தின் மூதாதை இங்கே நிலைபெற்றது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 'றா', 'னை' போன்ற எழுத்துகள் ஒரே அரசாணையில் வடிவம் மாறின. அன்றைக்குத் தமிழ் மாறிவிட்டதா? வாடிப்பட்டிச் சந்தையில் தேங்காய் விலை கேட்ட பேச்சில் ஓர் அசைகூட மாறவில்லை.

இனி தோடர் மொழிக்கு வருவோம். சும்மா பேசிக்கொள்வதாகச் சொல்லப்பட்ட அந்த மொழிக்கு.

தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். வாடிப்பட்டியின் இரண்டு மூன்று தெருக்களில் அடங்கிவிடும் கூட்டம். தமிழில் ர, ற என்று இரண்டு வைத்திருக்கிறோம். மதுரைப் பேச்சில் அந்த வேறுபாடும் கரைந்துவிட்டது. தோடர் மொழியில் நாக்கு அதிரும் ஒலிகள் ஆறு. வாயின் மூன்று இடங்களில் பிறக்கும் மூன்று அதிர்வொலிகள், ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயலோடு ஒரு துணையொலி. பொருளைப் பிரித்துக் காட்டுவதற்கு இத்தனை அதிர்வொலிகளைக் கையாளும் மொழி உலகத்திலேயே அபூர்வம். பீட்டர் லடஃபோகடும் பெரி பாஸ்கரராவும் உடன் ஆய்ந்தவரும் 1990களில் இந்த ஒலிகளைக் கருவி வைத்து அளந்து எழுதினார்கள். உலகின் ஒலியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இதை எந்த எழுத்தும் அந்த மக்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அம்மா சொன்னாள், பிள்ளை சொன்னது. இதற்குப் பெயர் மொழி இல்லையென்றால் வேறு எதற்கு?

ஒலியை விடுவோம், பாட்டைப் பார்ப்போம். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த எம்.பி. எமனோ 1930களில் நீலகிரிக்கு வந்து தோடரிடமும் அதே மலையில் வாழும் கோத்தரிடமும் உட்கார்ந்து பாடம் கேட்டார். அவர் தொகுத்த தோடர் பாடல்கள் 1971இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தன. ஏறக்குறைய ஆயிரம் பக்கப் புத்தகம். அந்தப் பாட்டுக்குக் கறாரான யாப்பு உண்டு. மூன்று அசை கொண்ட ஒரு சொற்றொடர், அதற்கு இணையாக இன்னொரு மூன்றசைத் தொடர் என்று இரட்டை இரட்டையாகவே பாட்டு நடக்கும். ஒரு மந்தைச் சொன்னால் இணை மந்தைச் சொல்லியாக வேண்டும், ஓர் எருமையைச் சொன்னால் இணை எருமையைச் சொல்லியாக வேண்டும். எது எதற்கு இணை என்பது தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்தது. சாவு வீட்டில் இறந்தவரின் வாழ்க்கையை அந்த அளவுக்குள் அடக்கி அப்போதே கட்டிப் பாடுவார்கள். தனிப் புலவர் கூட்டம் என்று ஒன்று அங்கே இல்லை. ஊரே பாட்டுக் கட்டும். எதுகை மோனை தவறாமல் நான்கு வரி ஒப்பாரி கட்ட இன்று வாடிப்பட்டியில் எத்தனை பட்டதாரிகளுக்கு வரும்?

தமிழன் தோடர் மொழிக்குக் கடன்பட்டிருப்பதும் இங்கே யாருக்கும் தெரிவதில்லை. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினால், தமிழும் மலையாளமும் முடிந்த கையோடு கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் நிற்கும். திராவிட மொழிகளின் மூலம் இன்ன வடிவில் இருந்தது என்று அறிஞர்கள் தீர்மானிப்பதற்கு இந்த எழுதப்படாத மொழிகளும் சாட்சி. 'காற்று', 'பற்று' என்பவற்றில் வரும் றகரத்தின் பழைய வல்லொலியை மதுரைக்காரர் 'காத்து', 'பத்து' என்று கரைத்துவிட்டார். அந்த ஒலியைத் தோடரும் கோத்தரும் இன்னும் நாவில் வைத்திருக்கிறார்கள். தமிழின் தொன்மையைப் பற்றி மேடையில் முழங்குபவர், அந்தத் தொன்மைக்குச் சாட்சி சொல்பவரைப் பார்த்து உனக்கு மொழியே இல்லை என்கிறார். இதைவிட நன்றிகெட்ட பேச்சு இருக்க முடியாது.

இந்தத் திமிருக்குப் பாடப்புத்தகமும் உரம் போட்டது. கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதினார். அதில் தமிழ், தெலுங்கு முதலானவற்றைத் திருந்திய மொழிகள் என்றும், தோடர், கோத்தர், கோண்டு முதலானவற்றைத் திருந்தா மொழிகள் என்றும் பிரித்தார். நூற்று எழுபது ஆண்டுக்கு முன் ஒரு பாதிரியார் போட்ட அந்தக் கோட்டைத் தமிழ்ப் பேராசிரியர்கள் அழிக்காமல் காத்தார்கள். திருந்தா மொழிகள் யாவை என்று வினாத்தாளில் கேட்டார்கள், தோடர் மொழி என்று எழுதியவருக்கு மதிப்பெண் போட்டார்கள். ஆறு அதிர்வொலியும் இரட்டை யாப்பும் உள்ள மொழி எதிலிருந்து திருந்த வேண்டுமாம்?

வடதுருவப் பக்கம் இதே கதை வேறு விதமாக நடந்தது. கனடாவின் இன்யுயிட் மக்கள் பேசும் இனுக்டிடூட்டுக்கு அசையெழுத்து வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கிரீ மொழிக்கு 1840இல் அமைத்த அசையெழுத்தை, எட்மண்ட் பெக் 1876 முதல் இனுக்டிடூட்டுக்குப் பரப்பினார். அதற்கு முன்பும் அந்த மக்கள் பனிக்கட்டிமேல் வேட்டையாடி, கதை சொல்லி, பாட்டுப் பாடி வாழ்ந்தார்கள். அப்போதும் அது முழு மொழிதான். உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளை அடித்த காலம் அங்கேயும் உண்டு. அந்தப் பள்ளிகளுக்காகக் கனடாப் பிரதமர் 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1999இல் நூனவுட் என்று தனி ஆட்சிப்பகுதி பிறந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ நாற்பதாயிரம்தான். அங்கே இன்யுயிட் மொழி ஆட்சிமொழி. முழுக்க இனுக்டிடூட்டில் பேசும் 'அட்டானர்ஜுவாட்' படம் 2001இல் கான் விழாவில் பரிசு வாங்கியது. 2021இல் கனடாவின் தலைமை ஆளுநராகப் பதவியேற்ற மேரி சைமன் அந்த மொழி பேசும் இன்யுயிட் பெண்மணி. தோடர் மொழியில் ஒரு முழுநீளப் படம் எடுப்போம் என்று கோடம்பாக்கத்தில் யாரும் கிளம்பியதாகத் தெரியவில்லை. மலைவாசி என்றால் இலை தழை கட்டிவிட்டு, பொருளில்லாத உளறலை வாயில் திணித்து, 'ஜிங்கு ஜிங்கு' என்று ஆடவிட்டதுதான் தமிழ் சினிமாவின் சாதனை. அதைப் பார்த்து வளர்ந்தவர் மந்துக்குப் போனால், உளறலைத் தேடித்தான் போவார்.

சரி, எழுத்து இருந்தால் மட்டும் மதித்துவிடுகிறார்களா? மதுரைக்கு உள்ளேயே பதில் இருக்கிறது. கீழவாசல், தெற்குவாசல் பக்கம் தலைமுறைகளாகச் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். டி.எம். சௌந்தரராஜன் அந்த வீட்டுப் பிள்ளை. நடனகோபால நாயகி சுவாமிகள் அந்த மொழியில் பாடினார். அதற்குத் தனி எழுத்தே உண்டு. 2008இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. இருந்தும் "அதுக்கு எழுத்து இல்லையே" என்று மதுரைக்காரரே சொல்வார். இந்தப் பேச்சு அந்தச் சமூகத்துக்குள்ளும் புகுந்து, சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழா என்ற சண்டையில் எத்தனையோ ஆண்டுகள் போயின. அதற்குள் பிள்ளைகள் வீட்டிலேயே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தைக் காப்பாற்றச் சண்டை போட்ட வீட்டில் பேச்சு போய்விட்டால் என்ன மிச்சம்?

வாடிப்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால் சிறுமலை. அங்கே தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த பளியர்களின் பேச்சைக் கொச்சைத் தமிழ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களில் வந்து பளியர்களோடு தங்கி ஆராய்ந்து எழுதினார். மலையடிவாரக் கல்லூரிகளில் அதைப் படித்தவர் எத்தனை பேர்?

மொழியைப் பறித்த இடத்தில் நிலத்தைப் பறிப்பதும் சுலபம். தோடர் பாட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் பெயர் உண்டு. எருமைகள் மேய்ந்த அந்தப் புல்வெளிகளில்தான் வெள்ளைக்காரன் தைலமரமும் சீகை மரமும் நட்டான், சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை அதை இன்னும் பெருக்கியது. பாட்டில் பெயருள்ள இடம் வரைபடத்தில் வெற்றுநிலமாகத் தெரிந்தது. அந்தப் பாட்டை மொழியென்று மதிக்காதவருக்கு அந்தப் பெயர்கள் எப்படிக் காதில் விழும்?

தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் ஒலிப்பதிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காக அந்தப் பணம் செலவாகக் கூடாது. தோடர் பிள்ளைக்கு முதல் இரண்டு வகுப்பாவது வீட்டு மொழியில் பாடம் சொல்ல ஒரு தோடர் ஆசிரியர் வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிச் சொல்லிக்கொடுத்தாலும் போதும், தனி எழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சிறு மொழிகளை மதிக்காத இதே நோயில்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் படுத்திருக்கிறது. 1971 முதல் பத்தாயிரம் பேருக்குக் குறைவானவர் பேசும் மொழியின் பெயரைப் பட்டியலில் அச்சிடுவதில்லை. 'பிற' என்ற மூட்டையில் போட்டுவிடுகிறார்கள். 2011 பட்டியலில் இப்படித் தேறியவை 121 மொழிகள். தோடர் மொழி அதில் இல்லை. மதுரைச் சௌராஷ்டிரம் குஜராத்தியின் கீழே, நீலகிரிப் படுகு கன்னடத்தின் கீழே. அடுத்த கணக்கெடுப்பு 2027இல் வருகிறது. தாய்மொழி என்ன என்று வீடு வீடாகக் கேட்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் நம்முடைய பள்ளி ஆசிரியர்கள்தான், அந்த டீக்கடை ஆசிரியரைப் போன்றவர்கள். சொன்ன மொழியைச் சொன்னபடியே அவர்கள் எழுத வேண்டும். பத்தாயிரம் என்ற வரம்பை எடுத்துவிட்டு, இரண்டாயிரம் பேர் பேசினாலும் இருநூறு பேர் பேசினாலும் அந்தப் பெயரை அரசு அச்சிட வேண்டும்.